பணம் கையில், வண்டி எங்கே?

பெங்களூரில் பிழைக்கிற தமிழர் ஒருவர் புது வண்டி வாங்குவது என்றால் அது ஒரே நாளில் எடுக்கும் முடிவு அல்ல. வேலை ஜிகணியில், ஜாகை விவேக் நகரில். அல்லது ஆபீஸ் ஹெப்பாளில், குடித்தனம் அல்சூரில். இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. சீட்டு எடுத்த பணம், தீபாவளி போனஸ், போதாததற்கு மனைவியின் வளையல் என்று இரண்டு வருஷம் கணக்குப் போட்ட பிறகுதான் மனிதர் ஷோரூம் படி ஏறுகிறார்.

அங்கே கிடைக்கும் பதில்: "புக் பண்ணிட்டுப் போங்க சார். வந்ததும் போன் பண்றோம்."

எப்போது வரும் என்று கேட்டால், "பார்ட்ஸ் ஷார்ட்டேஜ் சார், கம்பெனியிலேயே இல்லை" என்று விற்பனைக்காரர் கையை விரிக்கிறார்.

2021, 2022-ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் கேட்ட பதில் இது. 2025-ல் மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போனவர்களில் பலரும் இதையே கேட்டார்கள். உதிரிப் பாகத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் விற்பவரின் கை ஓங்கி, வாங்குபவரின் கை தாழ்ந்து விடுகிறது. அந்த நேரத்தில் பேரம் பேச முடியுமா? முடியும். எதைப் பற்றிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழைய க்யூ

வண்டிக்குக் காத்திருப்பது நமக்குப் புதிது அல்ல. கார் விநியோகத்துக்கு 1959-லும் ஸ்கூட்டர் விநியோகத்துக்கு 1960-லும் மத்திய அரசு கட்டுப்பாட்டு உத்தரவே போட்டிருந்தது. 1972-ல் வந்த பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பத்து வருஷம் ஆயிற்று என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதற்கே லைசென்ஸ் தேவைப்பட்ட காலம். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்பதால், வளைகுடாவில் மைத்துனர் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வசதி. மாருதி கார் வந்தபோதும் இதே கதைதான். 1983 ஏப்ரலில் முன்பதிவு தொடங்கி, இரண்டே மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14-ல்தான் முதல் கார் ஒருவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் முறை வந்தவர் வண்டியை எடுத்து, அன்றே வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது சாதாரணம். அந்தக் கூடுதல் தொகைக்கு 'பிரீமியம்' என்று பெயர். எல்லோருக்கும் தெரிந்த கள்ள விலை!

கட்டுப்பாடுகள் போய்விட்டன. பிரீமியம் போய்விட்டதா? இல்லை, பெயரை மாற்றிக்கொண்டு பில்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய க்யூவில் ஒரு நன்மையாவது இருந்தது. பதிவு எண் கையில் இருக்கும். இப்போது க்யூ ஷோரூம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. தான் எத்தனையாவது ஆள் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

எங்கோ தீ, இங்கே தவிப்பு

தட்டுப்பாடு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது வியாபாரத் தந்திரமா என்ற சந்தேகம் எழுவது இயற்கை. 2021-ல் வந்தது உண்மையான தட்டுப்பாடு. கொரோனாவுக்குப் பயந்து கார் கம்பெனிகள் 2020-ல் சிப் ஆர்டர்களைக் குறைத்தன. சிப் தயாரிப்பவர்கள் மடிக்கணினிக்கும் போனுக்கும் திரும்பிவிட்டார்கள். கார் விற்பனை மீண்டபோது சரக்கு இல்லை. போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் குளிரால் மின்சாரம் தடைப்பட்டு சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19-ல் ஜப்பானில் ரெனெசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. அந்த ஆண்டு செப்டம்பரில் தன் உற்பத்தி வழக்கத்தில் சுமார் 40 சதவீதம்தான் இருக்கும் என்று மாருதி சுசுகி முன்கூட்டியே அறிவித்தது நினைவிருக்கலாம்.

கார்தானே, பைக்குக்கு என்ன என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி வந்தது. நூறு சி.சி. வண்டியில்கூட கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து விடும் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. அதற்குள்ளும் சிப். ஏ.பி.எஸ். பிரேக்கிலும் சிப். ஒரு சிறு பொருள் வரவில்லை என்றால் மற்றதெல்லாம் தயாராக இருந்தும் வண்டி ஆலையை விட்டு வெளியே வராது.

2025-ல் வந்தது வேறு விதம். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குச் சக்தி வாய்ந்த காந்தம் வேண்டும். உலகில் அத்தகைய காந்தங்களில் பெரும் பகுதி சீனாவில் தயாராகிறது. அந்த நாடு 2025 ஏப்ரல் 4-ல் ஏழு அரிய வகை மண் தாதுக்களுக்கும், அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஆகஸ்ட் மாதம் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியே இல்லாமல் போகலாம் என்று பஜாஜ் நிர்வாகம் ஜூலையில் சொல்லும் அளவுக்குப் போயிற்று. டி.வி.எஸ். ஆலையும் ஏதர் ஆலையும் இருப்பது ஓசூரில். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரும் தூரம்தான். வண்டி பக்கத்து ஊரில் பிறக்கிறது. அதன் காந்தமோ கப்பலில் வரவேண்டியிருக்கிறது!

ஆகவே ஷோரூமில் சொல்லும் காரணம் பெரும்பாலும் மெய். ஆனால் எல்லா மாடலுக்கும், எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி தட்டுப்பாடு இருக்காது. கிடைக்கிற சிப்பை அதிக லாபம் தரும் உயர்ந்த மாடல்களுக்கு ஒதுக்குவது கம்பெனிகளின் வழக்கம். எனவே, "பேஸ் மாடலுக்கு ஆறு மாசம், டாப் மாடல் நாளைக்கே" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வாங்குபவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதப் பஸ் செலவு எவ்வளவு, விலை வித்தியாசம் எவ்வளவு, அந்த வித்தியாசத்துக்குத் தவணையில் ஏறும் வட்டி எவ்வளவு?

பேரம் எதில்?

தட்டுப்பாட்டு நாளில் "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்பது வீண். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். முதலில் கேட்க வேண்டியது: "முழு விலைப் பட்டியலை எழுதிக் கொடுங்கள்."

ஷோரூம் விலை, சாலை வரியும் பதிவுக் கட்டணமும், இன்சூரன்ஸ் ஆகிய மூன்றும் இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வராது. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள காரானால் ஒரு சதவீதம் வருமான வரிப் பிடித்தம் உண்டு. அது பிற்பாடு வரிக் கணக்கில் கழிந்துவிடும். இவற்றுக்குக் கீழே வருகிற வரிகளைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். 'அக்ஸஸரீஸ் கிட்' என்று ஒரு தொகை. 'ஹாண்ட்லிங்' என்று ஒன்று. பாலிஷ் பூச்சு, கூடுதல் வாரண்டி, ரோட்டோர உதவித் திட்டம் என்று இன்னும் சில. மேலே சொன்ன பழைய பிரீமியம் குடியிருக்கும் இடம் இதுதான்.

இவற்றில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, "இது கட்டாயமா? கட்டாயம் என்றால் அப்படி எழுதி சீல் வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும். சண்டை வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். எழுதிக் கொடுக்கத் துணியாத தொகைகள் மெதுவாகக் கழன்று விழும். சீட் கவர் மட்டும் வேண்டும், கிட் வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு உரிமை உண்டு.

இன்சூரன்ஸ் விஷயம் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ளத் தக்கது. சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருஷமும், காருக்கு மூன்று வருஷமும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மொத்தமாக எடுக்க வேண்டும். அந்தப் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூம்காரர் தரும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே ஒரு விலை விசாரித்து, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், "அதே ரேட்டுக்கு நாங்களே போட்டுத் தர்றோம் சார்" என்ற பதில் வருவது சகஜம். தள்ளுபடியே இல்லை என்று சொன்ன ஷோரூமில் கிடைக்கும் தள்ளுபடி இது.

வாங்குபவர் கையிலும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. பலர் அதை முதல் நிமிஷத்திலேயே எறிந்துவிடுகிறார்கள். "எந்தக் கலரானாலும் சரி, சீக்கிரம் கொடுங்க சார்" என்பதே அது. தட்டுப்பாட்டு நாளில் எந்த நிறமும் சரி என்பவர் ஷோரூமுக்கு உதவி செய்பவர். கேட்ட நிறம் வராமல் ஒருவர் ரத்து செய்த வண்டியை அவர் தலையில் கட்டிவிடலாம். அந்த உதவிக்கு விலை உண்டு. முதலில் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டு, பட்டியல் பேசி முடிந்த பிறகு, "கிட் தொகையை எடுத்துவிட்டால் வேறு கலரும் சம்மதம்" என்று சொல்பவர்தான் கெட்டிக்காரர்.

ரத்து ஆவது நிறையவே நடக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் இரண்டு மூன்று ஷோரூமில் பதிந்து வைக்கிறார்கள். ஒன்று கிடைத்ததும் மற்றதை விடுகிறார்கள். க்யூ வெளிக்கு நீளமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதக் கடைசியில் ஷோரூமுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். அன்று கைவிடப்பட்ட வண்டிக்கு உடனே பில் போட்டுக்கொள்ளக்கூடிய ஆளைத் தேடுவார்கள். ஆதார், முகவரிச் சான்று, பேங்க் கடன் சம்மதக் கடிதம் எல்லாம் தயாராக வைத்திருப்பவருக்கு இருபதாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர வாய்ப்பு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த முகவரிச் சான்றுதான் இடறும். வாடகை ஒப்பந்தத்தை முன்பே புதுப்பித்து வைப்பது நல்லது.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

முன்பணம் கட்டியதும் கொடுக்கும் ரசீதில் பெயரும் தொகையும் மட்டும் இருந்தால் அது பலசரக்குக் கடைச் சீட்டுக்குச் சமம். மாடல், அதில் எந்த ரகம், நிறம், பதிவு செய்த தேதி, கம்பெனியின் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்பதும் வேண்டும். டெலிவரி தேதி உத்தேசமாகவாவது எழுதி வாங்க வேண்டும். வாய்ச் சொல்லாக "ரெண்டு மாசம்" என்பதற்கு எந்தக் கமிஷனிலும் மதிப்பு கிடையாது.

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'டெலிவரி தினத்து விலையே செல்லும்' என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இதன் பொருள் என்ன என்பதை 2021, 2022-ல் பலர் அனுபவத்தில் கண்டார்கள். மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700 காருக்கு 2021 அக்டோபர் 7-ல் பதிவு தொடங்கி 57 நிமிஷத்தில் 25,000 பேர் பதிந்தார்கள். அறிமுக விலை அந்த 25,000 பேருக்கு மட்டும். பிறகு பதிந்தவர்களுக்கு விலை வேறு. 2022 ஜூலையில் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோதும் முதல் 25,000 பேருக்குத்தான் அறிமுக விலை. மற்றவர்கள் டெலிவரி நாளின் விலையைக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காத்திருக்கும் காலம் நீளும்போது விலை ஏறுவதும் சேர்ந்து வருகிறது. கையிருப்பைக் கணக்கிடுபவர்கள் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இந்த விதி சில சமயம் வாங்குபவருக்குச் சாதகமாகவும் திரும்பும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கும் சிறிய கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில் போட்ட தேதிதான் கணக்கு. முன்பே பதிந்து வண்டி வராமல் அலுத்துக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தேதிக்குப் பிறகு பில் போட்டுக் குறைந்த வரியோடு எடுத்தார்கள். தாமதத்தால் லாபம் அடைந்தவர்கள் உலகத்தில் அபூர்வம்!

இன்னொன்று. வண்டி வரும், ஆனால் ஏதோ ஒரு பாகம் இல்லாமல் வரும். ராயல் என்ஃபீல்டு 2022 மே மாதத்தில் மீட்டியார் பைக்கில் வழி காட்டும் 'டிரிப்பர்' கருவியை விருப்பப் பொருளாக மாற்றி, விலையில் ரூ. 5,000 குறைத்தது. அது நேர்மையான வழி. சில ஷோரூம்களில், "இப்போ எடுத்துக்கோங்க, பார்ட் வந்ததும் மாட்டித் தர்றோம்" என்பார்கள். மாட்டித் தரலாம், தராமலும் போகலாம். எந்தப் பாகம், அதன் விலை என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிக்கொண்டு எடுக்க வேண்டும். இல்லையேல் அந்த விலையைக் கழித்துக்கொண்டு பில் போடச் சொல்ல வேண்டும்.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

பலர் அதிகம் நஷ்டப்படுவது ஷோரூமில் அல்ல, அடகுக் கடையில். வண்டி அடுத்த வாரம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நகையை வைத்துப் பணம் எடுத்துவிடுகிறார்கள். ரூ. 60,000 அடகுக் கடன், வருஷத்துக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ. 450. வண்டி நாலு மாதம் தள்ளிப்போனால் ரூ. 1,800 வீண். அடகுக் கடை வட்டி இதைவிட அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி ஒதுக்கப்பட்டதற்கு ஒரே அத்தாட்சி சேஸிஸ் நம்பர். அது கையில் வரும் வரை நகை வீட்டுப் பெட்டியிலேயே இருக்கலாம். பி.எஃப். பணத்துக்கும் மனுப் போட வேண்டாம். பேங்க் கடனையும் சம்மதக் கடிதத்தோடு நிறுத்தி வைத்து, பில் தயாராகும்போதுதான் பணத்தை ஷோரூமுக்கு விடுவிக்கச் சொல்ல வேண்டும். பணம் விடுவித்த நாளிலிருந்து வட்டி ஓடும். வண்டி வராமலே முதல் தவணை கட்டுவது போன்ற அவஸ்தை வேறில்லை. சம்மதக் கடிதத்துக்கும் காலாவதி உண்டு என்பதால் அந்தத் தேதியையும் கவனிக்க வேண்டும்.

ஓசூருக்குப் போகலாமா?

பெங்களூரில் க்யூ நீண்டால், "ஓசூரில் எடுத்துவிட்டால் என்ன? அங்கே சாலை வரியும் குறைவு" என்ற யோசனை தமிழர்களுக்கு உடனே தோன்றும். கர்நாடகத்தின் சாலை வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று என்பது உண்மை. ஊர் முகவரியில் டி.என். நம்பரோடு வண்டி எடுப்பதும் சட்டப்படி குற்றமல்ல. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒரு வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே புதிய எண் வாங்கியாக வேண்டும். அப்போது தடையில்லாச் சான்று, கர்நாடகத்துக்குப் புதிதாக வரி, தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற மனு என்று அலைச்சல் ஆரம்பம். ஒரு வருஷத்துக்குள் ஊருக்கே மாற்றலாகிப் போகிறவருக்கு ஓசூர் சரி. இங்கேயே வேர் விட்டவருக்கு அது மிச்சம் அல்ல.

மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் ஆகியோருக்கு வேறு வழி இருக்கிறது. 2021 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்த 'பி.எச்.' வரிசை எண் அது. மொத்த ஆயுள் வரிக்குப் பதிலாக இரண்டிரண்டு வருஷமாக வரி கட்டலாம். மாற்றலானால் நம்பர் மாற்ற வேண்டாம். பேங்க் குமாஸ்தாக்களுக்கு இது பொருத்தம். பில் போடுவதற்கு முன்பே ஷோரூமில் சொல்லிவிட வேண்டும். தனியார் கம்பெனிக்காரர் தன் ஆபீஸிலிருந்து படிவம் 60 வாங்கி வர வேண்டும்.

காத்திருக்க முடிகிறவர்கள் காத்திருப்பதும் ஒரு பேரம்தான். 2022-ல் கார் இல்லை என்று கை விரித்த அதே வியாபாரிகளிடம் 2024 செப்டம்பரில் 80 நாள் விற்பனைக்கு மேலான கார்கள் தேங்கிக் கிடந்ததாக விற்பனையாளர் சங்கமே சொன்னது. தள்ளுபடி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்தன. வண்டி ஓட்டித்தான் அன்றாடச் சாப்பாடு என்ற ஆட்டோக்காரருக்கும் சரக்கு வண்டிக்காரருக்கும் இந்த யோசனை பயன்படாது. அவர்களுக்கு ஒரு நாள் தாமதமும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

வண்டி வந்த அன்று

வண்டி வந்துவிட்டது என்று போன் வந்ததும் மாலையும் எலுமிச்சம் பழமும் வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் பில் போடுவதற்கு முன்பு ஒரு தரம் பகலில் போய்ப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பர் சொன்னபடி இருக்கிறதா? படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், அது என்ன? தட்டுப்பாட்டில் பாதி முடிந்து ஆலையில் நின்ற வண்டிகள், பாகம் வந்ததும் பூர்த்தியாகி வருவதுண்டு. ஜனவரியில் பில் போட்டு முந்தின வருஷத் தயாரிப்பு என்றால், விற்கும்போது ஒரு வருஷம் பழசாகக் கணக்காகும். அதற்குத் தள்ளுபடி கேட்பது நியாயமே. டயர், பாட்டரி, இரண்டு சாவி, எழுதி வாங்கிய பாகம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு மீதிப் பணம்.

முன்பணத்தைத் திருப்பவில்லை, சொன்னதற்கு மேல் வாங்கினார்கள், எழுதிக் கொடுத்த பாகத்தை மாட்டவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கமிஷனுக்குக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனுவோடு இணைக்க வேண்டியவை: முன்பண ரசீது, சீல் வைத்த விலைப் பட்டியல், பில், பணம் கட்டிய பேங்க் கணக்கு நகல்.